இரத்மலானையில் நிற்கும் விமானங்களை வாசித்தல்

காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் ஒரு பழைய பயணிகள் விமானம், அது கட்டப்பட்ட காலத்தில் பொறியியலாளருக்கு எவை தெரிந்திருந்தன, எவை தெரியாதிருந்தன என்பதைத் தன் உடலிலேயே காட்டி நிற்கும் சான்றாகும். அதன் சக்கரங்கள் எங்கே பொருத்தப்பட்டுள்ளன, சாளரங்கள் எந்த வடிவில் வெட்டப்பட்டுள்ளன, தகடுகள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பவற்றை நின்று கவனிப்பவருக்கு, விளக்கப் பலகையில் இடம்பெறாத செய்திகள் பல கிடைக்கும். இலங்கையில் இவ்வாறு பார்ப்பதற்கு வாய்ப்பான இடம், கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை விமான நிலையத்தை ஒட்டியுள்ள விமானப்படை நூதனசாலையாகும். 1993 இல் தொடங்கப்பட்டு, 2009 இல் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்பட்ட இந்நூதனசாலையில் போர் விமானங்களும் ஹெலிகொப்டர்களுமே பெரும்பான்மை என்றாலும், உலகெங்கும் பயணிகளை ஏற்றிச் சென்ற டக்கோட்டா, டவ், ஹெரன் போன்ற வகைகளும் அங்கே உள்ளன. நாட்டின் பயணிகள் விமானச் சேவையின் கதையைத் தேடிச் செல்பவர் அதை விமானப்படையின் கூரையின் கீழேதான் காண வேண்டியிருப்பது ஒரு குறையே. ஆனால் டக்கோட்டா முதலான பல வகைகள் படைக்கும் பயணிக்கும் மாறி மாறி உழைத்தவை ஆதலால், இரண்டையும் முற்றாகப் பிரித்துக் காட்டுவதும் எளிதன்று.

வன்னிப் பெருநிலப்பரப்பைச் சேர்ந்த வாசகருக்கு இந்தப் பிரிவினை இன்னும் கடினமானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் போர்க்காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு விமானம் என்றால் கிபிர் என்னும் போர் விமானம், குண்டுவீசும் பொம்மர், வண்டு எனப்பட்ட ஆளில்லா வேவு விமானம் என்பவையே முதலில் நினைவுக்கு வரும். அவற்றின் ஒலியைக் கேட்டே வகையைப் பிரித்தறிந்து பதுங்குகுழிக்கு ஓடியவர்களுக்கு, விமானம் என்பது பயணச்சீட்டு வாங்கி ஏறும் ஒன்று என்ற எண்ணம் பின்னாளில் வந்ததுதான். இப்பகுதியின் விமானத் தளங்களின் வரலாறும் அவ்வாறே படை சார்ந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதன் பின்னர் பிரித்தானியர் இலங்கையின் வான்பாதுகாப்பை விரிவாக்கியபோது, வவுனியாவில் இருந்த தளத்தில் போஃபோர்ட் வகைக் குண்டுவீச்சு விமானங்களைக் கொண்ட அணிகள் நிலைகொண்டிருந்தன. இரணைமடுவின் ஓடுபாதை பிந்திய உள்நாட்டுப் போரில் உருவானது. வவுனியா, இரணைமடு, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் இன்று விமானப்படைத் தளங்களே.

எனினும் வன்னியின் மேற்குக் கரையோர வானம் நெடுங்காலம் ஒரு பயணிகள் பாதையாகவும் இருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே நேர்கோடு ஒன்று வரைந்தால், 330 கிலோமீற்றர் அளவான அக்கோடு மன்னார்ப் பெருநிலத்தைக் கடந்து, இரணைதீவுக்கும் பூநகரிக்கும் நடுவே யாழ்ப்பாணத்தை எட்டும். நிறுவனத்தின் முதல் மூன்று விமானங்களும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்ற பெயர்களைத் தாங்கிய டக்கோட்டாக்கள். போர் முடிந்தபின் உலகச் சந்தையில் மலிந்து கிடந்த படைப் போக்குவரத்து விமானங்களே அன்று புதிதாகத் தோன்றிய பல நாட்டு நிறுவனங்களுக்கும் முதலாக அமைந்தன. ஒரு முறை நிரப்பிய எரிபொருளில் 2,000 கிலோமீற்றருக்கு மேல் செல்லக்கூடிய டக்கோட்டாவுக்குச் சென்னை செல்லும் வழியில் பலாலியில் இறங்க வேண்டிய தேவை எதுவும் இயந்திரத்தின் பக்கமிருந்து எழவில்லை. அந்தத் தரிப்பு வடபகுதி மக்களின் சென்னைத் தொடர்புக்காக ஏற்பட்டது.

டக்கோட்டா என்பது அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் உருவாக்கிய டிசி-3 இன் படை வடிவத்துக்கு வழங்கிய பெயர். 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்த இவ்வகையில், உரிமம் பெற்றுச் சோவியத் ஒன்றியத்திலும் ஜப்பானிலும் கட்டப்பட்டவற்றையும் சேர்த்தால் 16,000 வரையான விமானங்கள் தோன்றின. நூதனசாலையில் அதன் அருகே செல்பவர் முதலில் காண்பது, மூக்கு வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்க, வால் தரையில் சிறு சக்கரம் ஒன்றின்மேல் தாழ்ந்திருக்கும் நிலையே. பயணிகள் பின்புறக் கதவால் ஏறி, சரிவான நடைபாதையில் மேல்நோக்கி நடந்து தம் இருக்கையை அடைய வேண்டியிருந்தது. புல்லும் கிரவலும் பரவிய கரடான தளங்களில் பெரிய உந்துவிசிறிகள் நிலத்தில் மோதாமல் இருக்க மூக்கை உயர்த்தி வைப்பது அக்காலத்தில் பொருத்தமான தீர்வாக இருந்தது, ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. விமானத்தின் புவியீர்ப்பு மையம், அதாவது முழு எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்துவிடுவதால், தரையில் ஓடும்போது சற்றே திசை மாறினாலும் பின்னாலுள்ள எடை அந்த விலகலை மேலும் பெரிதாக்கும். உழவு இயந்திரத்தை முன்னோக்கிச் செலுத்துகையில் நேராக வரும் பெட்டி, பின்னோக்கித் தள்ளுகையில் ஒரு பக்கமாக மடங்க முனைவதை ஒத்தது இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டப்பட்ட பயணிகள் விமானங்கள் மூக்கின்கீழ் சக்கரம் கொண்டவையாக மாறியமைக்கு இதுவும், சீமெந்து ஓடுபாதைகள் பெருகியதும் காரணங்களாகும். காட்சிக்கூடத்தில் வாற்சக்கர விமானத்தையும் மூக்குச்சக்கர விமானத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், இடையில் மாறியது விமானம் மட்டுமன்று, அது இறங்கிய நிலமும்தான் என்பதை உணரலாம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது இறக்கையின் அகலம். இறக்கை தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புவதன் எதிர்விளைவாக மேலே தூக்கப்படுகிறது. இந்தத் தூக்குவிசை இறக்கையின் பரப்புடனும், காற்றின் அடர்த்தியுடனும், வேகத்தின் வர்க்கத்துடனும் சேர்ந்து கூடும். வேகம் இருமடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். 11 தொன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையைச் சுமந்த டிசி-3 இன் இறக்கைப் பரப்பு 92 சதுர மீற்றரளவு, ஆகவே ஒவ்வொரு சதுர மீற்றரும் 125 கிலோகிராம் அளவையே தாங்கியது. இன்று பலாலிக்கு வரும் ஏரிஆர்-72 வகையோ, 23 தொன் அளவான எடையை 61 சதுர மீற்றர் இறக்கையில் சுமக்கிறது. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு சுமை. சுமை கூடிய இறக்கை வேகமாகவும் குலுங்கல் குறைவாகவும் பறக்கும், ஆனால் தரையை விட்டு எழ அதிக வேகமும் நீண்ட, உறுதியான ஓடுபாதையும் அதற்குத் தேவைப்படும். மெதுவாகவே எழுந்து மெதுவாகவே இறங்கவல்ல டக்கோட்டா எந்த வயல்வெளித் தளத்துக்கும் சென்றுவந்ததன் இரகசியம் இந்தக் கணக்கில்தான் உள்ளது. வவுனியாவின் சித்திரை மாதப் பிற்பகல் வெப்பத்தையும் இதே சமன்பாட்டில் இட்டுப் பார்க்கலாம்: 35 பாகை வெப்பநிலையில் காற்றின் அடர்த்தி 15 பாகையில் உள்ளதைவிட ஆறு முதல் ஏழு சதவீதம் குறைவதால், அதே எடையுள்ள விமானம் கூடுதல் தூரம் ஓடியே எழ முடியும்.

எடை பற்றிய இந்தக் கணக்கு எரிபொருளையும் பயணியையும் ஒரே தராசில் வைக்கிறது. அதன் உச்ச எடுத்துக்காட்டும் இலங்கையிலேயே உண்டு. 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம், காலிக்கு அருகிலுள்ள கொக்கல வாவிக்கும் பேர்த் நகருக்கும் இடையே கற்றலினா வகைக் கடல்விமானங்களை இந்து சமுத்திரத்தின் மேலாக இடைத்தரிப்பின்றிச் செலுத்தியது. 5,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பயணம் 27 மணித்தியாலம் முதல் 33 மணித்தியாலம் வரை நீடித்தது. பயணிகள் ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டனர். எரிபொருளே எடையை விழுங்கியதால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. ஜப்பானியரிடம் சிக்காதிருக்க வானொலி மௌனம் காத்து, நட்சத்திரங்களைப் பார்த்தே வழிகண்ட அந்த விமானிகளின் துணிவைக் காட்டிலும், ஒவ்வொரு கிலோகிராமையும் எண்ணிய அவர்களின் கணக்கே விமானச் சேவை என்னும் தொழிலின் உயிர்நாடியைக் காட்டுகிறது.

டக்கோட்டாவின் உடலை நெருங்கிப் பார்த்தால், தகடுகளின் விளிம்பெங்கும் தறையாணிகள் வரிசை வரிசையாகச் செல்வதைக் காணலாம். முந்திய தலைமுறை விமானங்களில் மரத்தாலோ குழாயாலோ ஆன சட்டகமே பாரத்தைச் சுமந்தது, மேலே போர்த்திய துணி காற்றை மறைத்தது மட்டுமே. டக்கோட்டாவிலோ மெல்லிய உலோகத் தோலே இழுப்பையும் முறுக்கையும் பங்கிட்டுத் தாங்குகிறது. எனவே ஒவ்வொரு தறையாணியும் ஒரு தகட்டின் பாரத்தை அடுத்த தகட்டுக்குக் கடத்தும் பாலமாகிறது. இத்தகைய தோலுக்கு இலேசானதும் வலியதுமான உலோகம் வேண்டும். தூய அலுமினியம் இலேசானது, ஆனால் மென்மையானது. 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஜெர்மனியின் அல்பிரட் வில்ம், சிறிதளவு செப்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி உடனே குளிர்வித்தால், அது முதலில் மென்மையாக இருந்து, நாட்கள் செல்லச் செல்லத் தானாகவே கடினமாவதைக் கண்டார். சூடாக்கிய நிலையில் பரவலாகக் கலந்திருந்த செப்பு அணுக்கள், குளிர்ந்த உலோகத்தினுள் மெல்ல நகர்ந்து சிறு திரள்களாகக் கூடுகின்றன. உலோகம் வளைவதென்பது அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதாகும். இத்திரள்கள் அந்த வழுக்கலை மறிக்கின்றன. இதற்கு வயது முதிர்வால் கடினமாதல் என்று பெயர். விமானத் தொழிற்சாலைகள் இந்தப் பண்பினால் ஒரு விசித்திரமான சாதனத்தை வைத்திருக்க வேண்டியதாயிற்று: குளிர்பெட்டி. சூடாக்கிக் குளிர்வித்த தறையாணிகள் அறை வெப்பத்தில் சில மணித்தியாலங்களிலேயே கடினமாகி, அடித்தால் வெடித்துவிடும் ஆதலால், அணு நகர்வை மந்தப்படுத்துவதற்காக அவை உறைகுளிரில் வைக்கப்பட்டு, வேண்டியபோது எடுத்து உடனே அறையப்பட்டன. அறையப்பட்ட பின்பே அவை தம் முழு வலிமையை அடைந்தன.

டக்கோட்டாவின் சாளரங்கள் ஏறக்குறையச் சதுரமானவை. அதில் பிழை எதுவும் இல்லை, ஏனெனில் அது மூன்று கிலோமீற்றர் அளவான உயரத்தில், உள்ளும் புறமும் ஒரே காற்றழுத்தத்துடன் பறந்தது. பருவமழை முகில்களுக்கு மேலே ஏற இயலாமல் அவற்றின் ஊடாகவே சென்றதால் பயணிகளுக்கு வாந்திப் பைகள் தேவைப்பட்டன என்பது வேறு கதை. மேலே அமைதியான காற்றில் பறக்க வேண்டுமாயின் பயணிகள் மூச்சுவிடுவதற்காக உள்ளே அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அப்போது சாளரத்தின் மூலை ஒரு பெரும் பிரச்சினையாகிறது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான டி ஹவிலண்ட் கொமெற் 1952 மே மாதம் சேவைக்கு வந்து, அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே இலண்டனிலிருந்து கொழும்புக்கும் பறந்தது. அதன் உள்ளறை அழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சதுர அங்குலத்துக்கு எட்டேகால் இறாத்தல் அதிகம். 30 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட ஒரு திறப்பின்மீது இது ஏறத்தாழ 700 கிலோகிராம் எடைக்குச் சமமான தள்ளுவிசை. ஒவ்வொரு பறப்பிலும் உடல் ஒருமுறை உப்பி ஒருமுறை சுருங்குகிறது. 1954 ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து இலண்டன் சென்ற கொமெற் எல்பா தீவருகே வானிலேயே சிதறி 35 பேரும், ஏப்ரலில் மற்றொன்று நேப்பிள்ஸ் அருகே சிதறி 21 பேரும் உயிரிழந்தனர்.

காரணத்தைக் கண்டறிய இங்கிலாந்தின் ஃபாண்பரோவில் செய்யப்பட்ட சோதனை, அறிவியல் முறைக்கே நல்லதொரு பாடம். ஒரு முழுக் கொமெற்றின் உடலைப் பெரிய நீர்த்தொட்டியில் வைத்து, உள்ளே நீரை ஏற்றியும் இறக்கியும் பறப்புகளைப் பாவனை செய்தனர். காற்றை அழுத்தினால் உடைவின்போது குண்டுபோல் வெடித்துச் சான்றுகள் அழிந்துவிடும். நீர் அழுத்தத்துக்குச் சுருங்குவதில்லை ஆதலால் உடைந்த இடம் உடைந்தபடியே நிற்கும். உண்மையான பறப்புகளையும் சேர்த்து 3,057 ஆம் சுற்றில் அந்த உடல் ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது. தகட்டின் வழியே செல்லும் விசை, திறப்பைச் சுற்றிப் பாய வேண்டியிருப்பதால் கூர்மையான மூலையில் நெருக்கமாகிறது; அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று ஒவ்வொரு பறப்பிலும் சிறிது வளர்ந்து, ஒரு நாள் எல்லை மீறுகிறது. உலோகக் களைப்பு எனப்படுவது இதுவே. எல்பாவருகே மீட்கப்பட்ட சிதைவில் விரிசல் கூரையிலிருந்த வானலைக் கருவிக்கான திறப்பொன்றில் தொடங்கியிருந்தது. அத்துண்டு இலண்டன் அறிவியல் நூதனசாலையில் பாதுகாக்கப்படுகிறது. வட்டச் சாளரங்களுடனும் தடித்த தகடுகளுடனும் மீண்டுவந்த கொமெற் 4 ஐத்தான் 1962 முதல் எயர் சிலோன், பிரித்தானிய நிறுவனமான பிஓஏசியுடன் கூட்டாக இயக்கியது. விமான விபத்துகளில் ஆராயப்படும் பறப்புப் பதிவுக் கருவியின் எண்ணமும் இதே கொமெற் விசாரணையில் ஈடுபட்ட அவுஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வொரனிடம் உதித்ததாகும். மக்கள் கறுப்புப் பெட்டி என்று அழைத்தாலும், தேடுவோர் கண்ணில் படுவதற்காக அதற்குச் செம்மஞ்சள் நிறமே பூசப்படுகிறது.

1960களில் எயர் சிலோனுக்கு வந்த அவ்ரோ 748, டக்கோட்டாவின் இடத்தை நிரப்பவென்றே வடிவமைக்கப்பட்டது. சுழலி ஒன்றைச் சூடான வாயுவால் சுழற்றி, அந்தச் சுழற்சியால் உந்துவிசிறியை இயக்கும் ரோல்ஸ் ரோய்ஸ் டார்ட் இயந்திரங்கள் அதன் இறக்கைக்கு மேலே பெரிய கூடுகளில் அமர்ந்துள்ளன. தாழ்ந்த இறக்கை கொண்ட விமானத்தில் விசிறி நிலத்தைத் தொடாதிருக்க இது வழி. 300, 400 கிலோமீற்றர் தூரப் பயணத்தில் பாதிக்குமேல் ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிவதால், பெருமளவு காற்றை மிதமான வேகத்தில் தள்ளும் விசிறியே ஜெட்டைவிடச் சிக்கனமானது. பலாலிப் பாதையில் இன்றும் விசிறி விமானங்களே பறப்பதற்கு இதுவே காரணம். எயர் சிலோனின் ஓர் அவ்ரோ 1978 செப்டெம்பர் 7 அன்று இரத்மலானையில் தரித்து நின்றபோது குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 1969 இல் வாங்கப்பட்ட ரைடென்ற் ஜெட், பனிமூட்டத்தில் தானியங்கியாகத் தரையிறங்குவதில் உலகில் முன்னோடியான வகை. அந்தத் திறமைக்கு இலங்கையில் வேலை அதிகம் இருந்திருக்காது. நட்டத்தாலும் நிருவாகச் சீர்கேட்டாலும் எயர் சிலோன் மறைய, 1979 செப்டெம்பரில் எயர்லங்கா தொடங்கியது.

நூதனசாலைக்கு வந்த பின்னும் விமானம் சும்மா இருப்பதில்லை. அது மெல்ல அரிக்கப்படுகிறது. அலுமினியத்தின் மேற்பரப்பில் தானாக உருவாகும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் அதைக் காக்கும் கவசம். கடற்காற்றோடு வரும் உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைத்து, உள்ளே சிறு குழிகளை உண்டாக்குகிறது. உருக்கு ஆணியும் அலுமினியத் தகடும் ஈரத்தில் சேருமிடம் ஒரு மின்கலமாகவே மாறி, அலுமினியம் கரைந்துபோகிறது. கடலுக்கு மிக அருகில், ஆண்டு முழுவதும் ஈரப்பதன் நிறைந்த இரத்மலானை இதற்குச் சாதகமான சூழல். காற்றிலுள்ள உப்பின் அளவு கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே சென்றாலே வெகுவாகக் குறையும் ஆதலால், வெறும் வேதியியல் நோக்கில் வவுனியா அல்லது இரணைமடு போன்ற உள்நாட்டு உலர்வலயத் தளம் திறந்தவெளிக் காட்சிக்கு ஏற்றது எனலாம். மார்கழி மழையைப் பொறுத்துக்கொள்ள ஒரு கூரை மட்டும் வேண்டும். கடலடியில் கிடந்த ஒரு விமானத்தின் துயரக் கதையும் வன்னிக்கு அருகே உண்டு. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் 24 விமானம் 55 பேருடன் காணாமற்போனது. ஏவுகணையால் தாக்கப்பட்டதாகக் கருதப்படும் அதன் சிதைவுகள் 2012 இல்தான் இரணைதீவுக் கடலடியில் கண்டறியப்பட்டன. பயணிகள் விமான வரலாற்றை எழுதும் எவரும் அந்தப் பறப்பைக் கடந்துசெல்ல இயலாது.

குவாண்டாஸ் தோன்றிய குவீன்ஸ்லாந்தின் லோங்றீச்சிலும், டெல்ற்றா நிறுவனத்தின் தலைமையகமான அட்லாண்டாவிலும் விமான நிறுவனங்களின் வரலாற்றுக்கென்றே நூதனசாலைகள் உள்ளன. அங்கே விமானங்களுக்கு இணையாக நேர அட்டவணைகளும் பயணச்சீட்டுகளும் சீருடைகளும் காக்கப்படுகின்றன. எயர் சிலோனுக்கு அத்தகைய இல்லம் வாய்க்கவில்லை. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை மீண்டபோது, 1947 இன் பாதையில் ஒரு பாதி உயிர்பெற்றது. அதன் பழைய பயணிகளோ பெரும்பாலும் முதுமையில் உள்ளனர்.

வன்னிப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாக்கள் கொழும்புக்குச் செல்லும்போது தெகிவளை மிருகக்காட்சிச்சாலையோடு திரும்பிவிடுவது வழக்கம். இரத்மலானை அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரமே. ஆசிரியர்கள் நூதனசாலைக்கு ஒரு பிற்பகலை ஒதுக்கி, பெயர்ப்பலகைகளைப் பார்த்தெழுதச் சொல்லாமல், வாற்சக்கரம் ஏன், சாளரம் ஏன் இந்த வடிவம், எந்தத் தகட்டில் அரிப்பு தொடங்கியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளை மாணவரிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். எயர் சிலோன் டக்கோட்டாவிலோ அவ்ரோவிலோ பலாலியிலிருந்து பறந்த மூத்தோர் எவரேனும் வீட்டில் இருந்தால், பல முறை இடம்பெயர்ந்தும் எஞ்சிய ஒரு பயணச்சீட்டோ ஒளிப்படமோ இருந்தால், அதை ஊர் நூலகத்தில் ஒப்படைக்கவும் அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யவும் இளையோர் இந்த ஆண்டே முன்வர வேண்டும்.